எச்.ஓ. ரயில் செட்: எஞ்சின் அருமை, தண்டவாளம்தான் பாடாய்ப்படுத்துகிறது

கடலூர் முதுநகரில் எங்கள் மாடி அறையில் நானும் தம்பியும் ஆறு மாதமாக ஓட்டுகிற மாதிரி ரயில் செட் இது. எச்.ஓ. என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87) அளவு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. எஞ்சினைக் குறை சொல்லவே முடியாது, எவ்வளவு மெதுவாக விட்டாலும் திணறாது.

ஆனால் பித்தளைத் தண்டவாளம். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ரெண்டே வாரத்தில் கறுத்துப்போய், சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாமல் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால்தான் கிளம்பும், தம்பிக்கு அழுகையே வந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிறது. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், கீறல் விழுந்து அழுக்கு இன்னும் சேரும். புதிதாக வாங்குபவர்கள் நிக்கல் சில்வர் (அவ்வளவு சீக்கிரம் கறுக்காத உலோகக்கலவை) தண்டவாளமா என்று கேட்டே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், வளைவு 18 அங்குல ஆரம். வட்டத்துக்கு மட்டும் 3 அடிக்கு மேல் பலகை வேண்டும், அதைப் பெட்டியில் எங்கேயும் போடவில்லை. பழைய கட்டில் பலகையை எடுத்துதான் சமாளித்தோம். அதன்மேல் எங்கள் கடலூர் துறைமுகம் ஜங்ஷன் ரயில் நிலையத்தை தெர்மாகோலில் செய்துகொண்டிருக்கிறோம், ரெண்டாவது நடைமேடை வரை முடிந்துவிட்டது. ரயில் பெட்டிகளை இணைக்கும் உதிரி கொக்கி கேட்டு விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை.