நன்றி எழுதக் கற்றுத்தர 38,500 ரூபாய்: திருகோணமலையில் உள்ளவர்கள் கவனத்துக்கு

வேண்டியதை மனதில் பார்த்து நன்றி எழுதினால் அது கிடைக்கும் என்று சொல்லி, மனக்காட்சி, நன்றியுணர்வு என்ற பெயர்களில் நம் ஊரில் நடக்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட எண்ணியிருப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். அப்படியான ஒரு வகுப்புக்கு 38,500 ரூபாய் செலுத்திய நான், அதைத் திருப்பிக் கேட்ட குற்றத்துக்காக நேற்றிரவு அவர்களுடைய வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். நடத்துபவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உப்புவெளிப் பக்கம் விடுதி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து முதல் வகுப்பை இலவசமாக வைத்து, மிகுதியைக் கைத்தொலைபேசியிலேயே முடித்துவிடும் வகை என்று மட்டும் சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். பாடசாலைச் சீருடைகள் குவியும் காலத்தில் ஓரம் அடிப்பதற்குத் துணியை வேறிடத்தில் கொடுத்துக் கூலி கட்ட வேண்டியிருப்பதால், சொந்தமாக ஒரு ஓவர்லொக் மெஷின் வாங்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது.

இலவச வகுப்பில் அவர் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. குத்துவிளக்கேற்றி, கோணமலைத் தேவாரத்தை ஒரு சொல் பிசகாமல் பாடினார். பிறகு ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். மெஷின் என்று நான் சொன்னதும், அது என்ன நிறம், வீட்டில் எந்த யன்னலோரம் நிற்கும், அதில் முதலில் யாருடைய சட்டையைத் தைப்பீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். என் வீட்டில்கூட அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். 21 நாள் பயிற்சியில் பயன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அச்சிட்ட தாளும் கைக்கு வந்தது. "காசு கட்டுற சிட்டையிலயும் நன்றி எண்டு எழுதுங்கோ தங்கச்சி, போன காசு பத்து மடங்காத் திரும்பும்" என்றார் அவருடைய இணைப்பாளர். எழுதினேன். ஒரு தனியாளின் கணக்குக்குப் போன அந்த 38,500 ரூபாய்க்கு இன்றுவரை பற்றுச்சீட்டு வரவில்லை.

கிடைத்தவை சில நிமிடக் குரல்பதிவுகள் மட்டுமே. மெஷின் ஏற்கெனவே வந்துவிட்டதாகக் காலையில் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், அதன் படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும், இரவில் நன்றிக் கொப்பியில் பத்து நன்றிகள் எழுத வேண்டும். வாக்களித்த தனிப்பட்ட வழிகாட்டல் ஒருமுறைகூட நடக்கவில்லை.

இவையெல்லாம் விஞ்ஞானம் நிறுவியவை என்று அவர்களுடைய கையேடு சொல்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மகள் அதில் குறிப்பிட்டிருந்த ஆய்வைத் தேடி எனக்கு விளக்கினாள். எமன்ஸ், மெக்கலோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதி வந்தவர்கள், எரிச்சல்களை எழுதி வந்தவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். கேட்ட பொருள் வீடு தேடி வந்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. கையேடு சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஃபாம், டெய்லர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல புள்ளி கிடைப்பதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, தாம் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே கூடுதலாகப் படித்துக் கூடுதல் புள்ளியும் பெற்றார்கள். இது தெரிந்தால் எங்களில் யார் 38,500 ரூபாய் கட்டுவார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஐயா மௌன விரதத்தில் இருக்கிறார் என்ற பதில் முதலில் வந்தது. அடுத்த பதில், காசைத் திருப்பிக் கேட்கும் எண்ணமே இல்லாமையைக் கூப்பிடுகிறது, அதனால்தான் மெஷின் பிந்துகிறது என்றது. பின்னர், எனக்குள் இருக்கும் தடையை நீக்க இன்னும் 25,000 ரூபாய் கட்டி இரண்டாம் நிலைக்கு வரச் சொன்னார்கள். உத்தரவாதத் தாளைப் படம் பிடித்து அனுப்பினால், கொப்பியில் ஓர் இரவு விடுபட்டிருக்கிறது, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த இரவு அது. குழுவில் வெளிப்படையாகவே கேட்டேன்; என் கேள்விக்குக் கீழே "நன்றி, நன்றி" என்று பூப்படங்கள் வரிசையாக வந்து விழுந்தன, நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று குழு மாற்றப்பட்டது, கொஞ்ச நேரத்தில் நான் வெளியே. கேள்வி கேட்பவர் நன்றி கெட்டவர் ஆகிவிடும்படிதான் இந்த வகுப்பையே கட்டியிருக்கிறார்கள். கோணேசர் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்களிடம் ஒருவரும் உத்தரவாதத் தாள் நீட்டுவதில்லை, 38,500 ரூபாயும் கேட்பதில்லை.

இப்படியானவர்களை எப்படி இனங்காணுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதிருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. தனியாளின் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். பற்றுச்சீட்டும் நடத்துபவரின் முகவரியும் கையில் இல்லாமல் உத்தரவாதத் தாளை நம்பாதீர்கள். உங்களை அழைத்துச் செல்பவரிடம் தரகு உண்டா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். என்னை அழைத்துப் போனவருக்கு 3,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள், குழுவில் வந்த செய்திகளை அவர்கள் அழிக்குமுன் படம் பிடித்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், பேச்சோடு நின்றுவிடாதீர்கள். என் கடிதம் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. அதே கணக்குக்குக் கட்டியவர்கள் எனக்கு ஆறுதல் எழுதிக்கொண்டிருக்காமல் தங்கள் கடிதங்களைத் தனித்தனியாக அனுப்புங்கள்.