செப்டம்பர்ல ஓர்க்னியா, ஷெட்லாந்தா?

ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கற இந்த ரெண்டு தீவுக்கூட்டத்துல செப்டம்பருக்கு எதுன்னு கேட்டா நான் ஓர்க்னிதான் சொல்லுவேன். ஜூன், ஜூலைன்னு கேட்டா பதில் வேற. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் ஷெட்லாந்து பாத்தது கோடைல, ஓர்க்னி போனது அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப செப்டம்பர்ல, அதனால ஷெட்லாந்து செப்டம்பர் பத்தி இங்க எழுதறதுல பாதி ஸ்காட்லாந்து அபர்டீன் நகரத்துல இருக்கற ஃப்ரெண்ட்ஸ் போயிட்டு வந்து சொன்னது.

குளிர் ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பகல்ல 13, 14 டிகிரி, ஓர்க்னில ஒரு டிகிரி கூட இருக்கலாம். காத்து விடாம அடிக்கும், ஒதுங்க மரம் கெடையாது, குடை எடுத்துட்டு போய் பிரயோஜனமே இல்ல, தொப்பி வெச்ச நல்ல மழை ஜாக்கெட் வாங்கிக்கோங்க. சைவம்னா கிச்சன் இருக்கற வீடா பாத்து எடுங்க, ஓர்க்னியோட கிர்க்வால், ஷெட்லாந்தோட லெர்விக் ரெண்டு ஊர்லயும் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் இருக்கு, அரிசி பருப்புக்கு பஞ்சம் இல்ல. செப்டம்பர் 22 வாக்குல பகலும் ராத்திரியும் சமமாயிடும், அதுக்கப்புறம் பகல் தினமும் அஞ்சாறு நிமிஷம் கொறையும், அதனால மேகம் இல்லாத ராத்திரில அரோராங்கற வண்ண ஒளி வானத்துல தெரியற சான்ஸ் ரெண்டு எடத்துலயும் உண்டு, கொஞ்சம் வடக்க இருக்கறதால ஷெட்லாந்துக்கு கூடுதல்.

இனிமே முக்கியமான விஷயம், கப்பல். என் முடிவு மொத்தமும் இதுலதான் நிக்குது.

ஷெட்லாந்துக்கு அபர்டீன்ல சாயங்காலம் 7 மணிக்கு ஏறினா லெர்விக்ல காலைல ஏழரைக்கு இறங்கலாம், வழில கிர்க்வால்ல நிக்கற நாள்னா 5 மணிக்கே கெளம்பிடும், அதாவது பதினாலரை மணி நேரம் கடல்ல. கோடைல அது சொகமான ராத்திரி, கேபின்ல படுத்தா விடிஞ்சா ஊர். ஆனா செப்டம்பர் பாதி தாண்டினா அட்லாண்டிக் பக்கம் இருந்து புயல் காத்து ஒண்ணு பின்னால ஒண்ணா வர ஆரம்பிக்கும், அப்ப அந்த பன்னெண்டு மணி நேரமும் கப்பல் ஆடிட்டே இருந்தா வயசானவங்களும் சின்ன பசங்களும் ரொம்ப கஷ்டப்படுவாங்க. அதவிட பெரிய பிரச்சனை திரும்பற நாள். ஒரு ராத்திரி கப்பல் ரத்தானா அடுத்தது மறுநாள் ராத்திரிதான், ரெண்டு நாள் சேந்தாப்ல ரத்தானா லண்டன்ல இருந்து ஊருக்கு போற பிளைட் வரைக்கும் கை மீறி போயிடும். சும்பர்க் ஏர்போர்ட் இருக்கே, பிளைட்ல வரலாமேன்னா, அதெல்லாம் சின்ன பிளைட், காத்தும் பனிமூட்டமும் அதையும் நிறுத்தும்.

ஓர்க்னிக்கு அந்த கவலை கொறைவு. ஸ்காட்லாந்தோட வடக்கு கரைல ரெண்டு துறைமுகம், ஸ்க்ராப்ஸ்டர்ல இருந்து ஓர்க்னியோட ஸ்ட்ரோம்னஸ் ஒன்றரை மணி நேரம், கில்ஸ் பேல இருந்து செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, ரெண்டும் வேற வேற கம்பெனி, ஒரு நாளைக்கு பல தடவை ஓடும். காலை போட் ரத்தானாலும் சாயங்காலம் காத்து அடங்கினா ஏறிடலாம். அம்மாவுக்கு போட்னாலே வாந்தி பயம், அவங்களே ஹோய் தீவு பக்கத்துல வந்ததும் டெக்ல வந்து நின்னுட்டாங்க, அங்க ஓல்ட் மேன் ஆஃப் ஹோய்னு 137 மீட்டர் உயரத்துக்கு ஒத்தக் கல் தூண் கடல்ல செவப்பா நிக்கும், ஸ்க்ராப்ஸ்டர் போட் அது பக்கமாவே போகும். கில்ஸ் பே வழில ஒரு சிக்கல் மட்டும் சொல்லணும். இறங்கற எடம் சவுத் ரொனால்ட்சேங்கற தீவு, அங்க இருந்து கிர்க்வால் போக சர்ச்சில் பேரியர்னு கடல் மேல போட்ட ரோடுல போகணும், கெழக்கு காத்தும் ஹை டைடும் சேந்தா அல ரோடு மேல ஏறும், ரெண்டாவது பேரியர மூடிடுவாங்க. அதனால வானிலை மோசம்னா ஸ்க்ராப்ஸ்டர் எடுங்க.

சரி, போய் சேந்துட்டா பாக்க என்ன இருக்கு. ஷெட்லாந்துல என்னை இழுத்தது பறவைங்க, அதுலயும் சும்பர்க் ஹெட்ல கைக்கெட்டற தூரத்துல நிக்கற பஃபின். அது ஆகஸ்ட்லயே கெளம்பி கடலுக்கு போயிடும். மூசா தீவோட பழைய கல் கோபுரத்துல ராத்திரி கூட்டமா வர ஸ்டார்ம் பெட்ரல்ங்கற குட்டி கடல் பறவையும் கோடைக்குத்தான். ஹெர்மனெஸ்ங்கற எடத்துல கேனட் பறவை மட்டும் செப்டம்பர்லயும் இருக்கும், ஆனா அங்க போக ரெண்டு சின்ன ஃபெரி மாறி வடக்கு கோடில இருக்கற அன்ஸ்ட் தீவு வரைக்கும் போகணும்.

ஓர்க்னில பாக்கறது எல்லாம் கல்லு, அது எந்த மாசமும் எங்கயும் போகாது. ஸ்காரா ப்ரே 5000 வருஷ பழைய ஊர், 1850ல ஒரு புயல் மணல வாரிட்டு போனப்ப வெளிய தெரிஞ்சது. மேல நடந்து போய் வீட்டுக்குள்ள எட்டி பாக்கலாம், கல் கட்டில், நடுவுல அடுப்பு, வாசலுக்கு நேரா கல் அலமாரி. அப்பா பொதுப்பணித் துறைல இருந்தவர், சாந்து இல்லாம சுவர் எப்படி நிக்குதுன்னு அங்க இருந்த ஆள விடாம கேட்டார், சுத்தி மக்கின குப்பைய கெட்டியா அடைச்சு அதுக்குள்ள வீட கட்டியிருக்காங்க, குளிரும் அண்டாதுன்னு சொன்னாங்க. மேஸ்ஹோங்கற பழைய கல்லறைக்கு கைடோடதான் போக முடியும், முன்னாடியே புக் பண்ணணும், உள்ள போற வழி பத்து மீட்டருக்கு நல்லா குனிஞ்சே போகணும், முட்டி வலி உள்ளவங்க யோசிங்க. அதே பேரியர் ரோட்டு ஓரத்துல இத்தாலிய போர்க் கைதிங்க ரெண்டு தகரக் கொட்டகைய சேத்து கட்டின சர்ச் இருக்கு, செங்கல் மாதிரி தெரியற சுவர் வெறும் பெயின்ட், விளக்கு மாட்டற ஸ்டாண்ட் இறைச்சி டின்ன வெட்டி பண்ணது. மழை கொட்டற நாள்ல கூட அரை மணி நேரம் நின்னு பாக்கலாம், எங்களுக்கு அந்த மாதிரி நாள்தான் அமைஞ்சது, அம்மா வெளிய வரவே மனசில்லாம வந்தாங்க.

ஷெட்லாந்துதான் சரின்னு நான் சொல்ற ஆளுங்களும் உண்டு. பின்னல் வேலைல ஆர்வம்னா செப்டம்பர் கடைசில நடக்கற ஊல் வீக்ங்கற கம்பளி பின்னல் விழா, 2010ல இருந்து நடக்குது, ரூம் எல்லாம் ரொம்ப முன்னாடியே தீந்துடும். சைபீரியா பக்கம் இருந்து வழி மாறி வர குட்டி பறவைங்கள தேடறவங்களுக்கும் இதுதான் சீசன். ரெண்டும் வேணும்னா, முதல்ல ஓர்க்னி போயிட்டு, அபர்டீன் கப்பல் கிர்க்வால்ல நிக்கற நாள் பாத்து ராத்திரி 11 மணி வாக்குல அதுல ஏறி லெர்விக் போகலாம், தினமும் நிக்காது, டைம்டேபிள் பாத்துக்கோங்க. எதுவா இருந்தாலும் கப்பல்ல கார் எடம் கெடைச்சப்பறம் ரூம் போடுங்க, திரும்பி வந்து லண்டன் பிளைட்டுக்கு நடுவுல ரெண்டு நாள் காலியா விடுங்க, ஓர்க்னின்னா ஒரு நாள் போதும்.