கூட்டமாகப் போக எது நல்லது: சாட்ஸ்வொர்த்தா, ஸ்டவர்ஹெட்டா?

இருபது முப்பது பேர் பஸ் பிடித்து இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையையும் தோட்டத்தையும் பார்த்து வரலாம் என்று பேச்செடுத்தால், பலரும் முதலில் சொல்லும் பெயர் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த். வில்ட்ஷயரில் இருக்கும் ஸ்டவர்ஹெட்டை நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

மாளிகைதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சாட்ஸ்வொர்த்தேதான். டெவன்ஷயர் பிரபுக்களின் குடும்ப வீடு அது. சுவரும் கூரையும் ஓவியமாக நிற்கும் பெரிய கூடம், சிற்பங்களுக்கென்றே தனி மண்டபம். ஒரு கதவில் வயலின் தொங்கும். அதுவும் ஓவியம்தான் என்று சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தோட்டம் மட்டும் 105 ஏக்கர். 1844-இல் ரஷ்யப் பேரரசர் வரப்போகிறார் என்று அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த நீரூற்று இன்னும் இருக்கிறது. பேரரசர் வரவே இல்லை. பாக்ஸ்டன் மேட்டில் ஏரி வெட்டி, அங்கிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்திலேயே பீய்ச்ச வைத்தார்; பம்பு கிடையாது.

ஆனால் இத்தனை இருப்பதுதான் சிக்கல். பிள்ளைகள் புதர்வேலிச் சுழல்பாதைக்கு ஓடுவார்கள், பெரியவர்கள் மாளிகையை விட்டு வெளியே வர மாட்டார்கள், கடைசியில் பஸ்ஸில்தான் எல்லோரும் சந்திப்போம்.

ஸ்டவர்ஹெட்டின் மாளிகை அவ்வளவு பெரிதல்ல. 1902-இல் தீப்பிடித்து நடுப்பகுதி எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. நூலகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே தோட்டம்தான் எல்லாமே. இரண்டாம் ஹென்றி ஹோர் என்ற வங்கிக் குடும்பத்துக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் ஓடையை அணைகட்டித் தேக்கி ஏரியாக்கினார். கரையைச் சுற்றி ஒரே பாதை. அதில் இடஞ்சுழியாக நடந்தால் கோயில், குகை, ரோமாபுரியின் பழங்கோயிலான பான்தியன் மாதிரியான மண்டபம் என்று ஒவ்வொன்றாக வரும். ஒன்றில் நிற்கும்போதே அடுத்தது தண்ணீருக்கு அப்பால் தெரிந்து நம்மைக் கூப்பிடும். முன்னால் போனவர்கள் எதிர்க்கரையில் கையாட்டுவார்கள். வேகமாக நடப்பவரும் மெதுவாக நடப்பவரும் பிரிந்துபோக வழியே இல்லை. ஒரு கூட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கென்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தையும் சிலர் சொல்வார்கள். அழகில் குறையே இல்லை. ஆனால் வேலிகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த தோட்டம் அது. நாலைந்து பேராகப் போய் ரசிக்க வேண்டியது.

மழை உறுதி என்றால் சாட்ஸ்வொர்த்துக்கே போங்கள், மாளிகைக்குள்ளேயே பாதி நாள் ஓடிவிடும். மற்றபடி ஸ்டவர்ஹெட்தான், அதுவும் இலைகள் நிறம் மாறும் அக்டோபரில். முழங்கால் வலி உள்ளவர்கள் குகைப் படிகளில் இறங்க வேண்டாம். வெளிப்பாதையில் சுற்றிப் போய் மண்டபத்துப் பக்கம் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். அப்போலோ கோயில் மேட்டில் இருக்கிறது. ஏற முடியாதவர்கள் கீழ்ப்பாதையிலேயே நடந்தால் போதும், மேலே போனவர்கள் இறங்கி வந்து அதே பாதையில்தான் சேருவார்கள்.