மலாக்கா ஜோங்கர் தெரு: வார இறுதி இரவுச் சந்தையா, வாரநாள் பகலா?

2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலேசிய நகரான மலாக்காவின் ஜோங்கர் தெருவில், வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் இரவுச் சந்தை கூடுகிறது. சாப்பிடுவதற்காகவே அங்குப் போகலாமா, வாரநாள் பகலில் அதே தெருவின் கடைகளுக்குப் போவது மேலா என்று தயங்குவோர் பலர்.

சுவை:
சந்தையில் குச்சியில் சுற்றிய உருளைக்கிழங்கு, பொரித்த முட்டை வகைகள் போன்ற நொறுக்குகளே மிகுதி. இவற்றை எந்த ஊர்ச் சந்தையிலும் தின்னலாம்.
மலாக்காவில் பேர்பெற்ற கோழிச்சோற்று உருண்டையும், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் இட்ட நியோன்யா லக்சாவும் பகலில் கடைகளில்தான் நிதானமாகக் கிடைக்கின்றன. செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பைப் பகலிலேயே குடிக்க வேண்டும்: தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சிய குலா மலாக்கா வெல்லத்தின் கரிய பாகு, துருவிய பனிக்கட்டிக்கும் தேங்காய்ப்பாலுக்கும் நடுவே மெல்ல இறங்கும்போது எழும் புகைமணம், வெயிலில் நடந்து களைத்தவருக்கே முழுதாகப் புலப்படும்.

செலவு:
சந்தையில் ஒவ்வொன்றும் மலிவு. ஆனால் பத்துக் கடையில் கை நீட்டினால் பை காலியாகும்.
பகலில் ஒரே தட்டில் வயிறு நிறையும்.

வசதி:
சந்தையில் நின்றபடியே, நெரிசலில் தின்ன வேண்டும்.
பகலில் உட்கார இடமுண்டு; சில கடைகள் வாரநடுவில் அடைத்திருக்கும்.

சைவ உணவினரும் பன்றி இறைச்சி விலக்குவோரும் இரு வேளையிலும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

பிள்ளைகளோடு வேடிக்கை பார்த்துக் கொறிக்க விரும்புவோருக்குச் சந்தை ஏற்றது. உணவையே நாடி வருவோர் வியாழன் பகலில் வரட்டும். ஒரே ஒரு வார இறுதிதான் வாய்க்குமென்றால், சனிக்கிழமை மதியம் கடையில் உண்டுவிட்டு, மாலையில் சந்தையைச் சுற்றலாம்.