ரேடியம் எஃப்எஸ்டி சர்ஜ் டேங்க்: சில்வியா எஸ்15-க்கு வாங்கலாமா?

நிசான் சில்வியா எஸ்15-இன் பெட்ரோல் டேங்க் சாலைக்குப் போதும், டிராக்குக்குப் போதாது. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு நீண்ட வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம்) சட்டென்று விழும். டர்போவின் பூஸ்ட் அழுத்தம் ஏறியிருக்கும்போது இப்படி நடந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து (லீன் ஆகி), பிஸ்டன் உருகுவது வரை போகும். எப்போதும் டேங்கை நிரப்பியே ஓட்டுவது தற்காலிக வழிதான். சரியான வழி சர்ஜ் டேங்க்: மெயின் டேங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் நிரப்பிக்கொண்டே இருக்கும் சிறிய டேங்க். இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் மெயின் பம்ப் இதிலிருந்துதான் இழுக்கும்.

அமெரிக்காவின் ரேடியம் இன்ஜினியரிங் நிறுவனத்தின் ஒற்றை பம்ப் எஃப்எஸ்டி (ஃப்யூயல் சர்ஜ் டேங்க்), மெயின் பம்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அலுமினிய டேங்க். 400 குதிரைத்திறன் வரை போகும் எஸ்ஆர்20 இன்ஜினுக்கு (சில்வியாவின் இன்ஜின்) இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இது கையில் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடாது. லிஃப்ட் பம்ப், ரிட்டர்ன் லைன் (இன்ஜின் எரிக்காத பெட்ரோல் திரும்பும் குழாய்), வயரிங் மூன்றையும் சரியாகச் செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

முதலில் கணக்கு. 400 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்கு 150 லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும். அதாவது நொடிக்கு 42 மில்லி. எட்டு நொடி நீளும் வளைவில் லிஃப்ட் பம்ப் காற்றையே இழுத்தாலும் செலவு ஏறக்குறைய 340 மில்லிதான். ஒரு லிட்டர் கொள்ளளவே தாராளம். நியூக் பெர்ஃபார்மன்ஸின் மூன்று லிட்டர் டேங்க் மூன்று பம்ப் வரை ஏற்கும் நல்ல பொருள். இந்தத் திறனுக்கு அது வெறும் கூடுதல் எடை. இந்தியாவில் இப்போது கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு இந்தக் கணக்கில் 7, 8 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மெயின் பம்பாக வால்ப்ரோ எஃப்90000267 வைப்பது வழக்கம். 3 பார் அழுத்தத்தில் மணிக்கு 400 லிட்டருக்கு மேல் தள்ளும். பூஸ்ட் 1.5 பார் ஏறினால், ரெயிலின் அழுத்தத்தை அமைக்கும் ரெகுலேட்டர் அதையும் சேர்ப்பதால் ரெயில் பிரஷர் 4.5 பார் ஆகும், பம்ப் தரும் அளவு குறையும். ஆகவே பம்ப் வாங்கும்போது அட்டையில் அச்சடித்த பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 4.5 பாரில் எவ்வளவு என்று ஃப்ளோ சார்ட்டில் பாருங்கள்.

சில்வியாவின் ஒரிஜினல் பம்பை மெயின் டேங்கிலேயே லிஃப்ட் பம்பாக விட்டுவிடலாம். முன்பு 3 பாருக்கு எதிராகத் தள்ளிய பம்ப் இப்போது ஏறக்குறைய பூஜ்ய அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் அளவு கூடும், கரண்ட் குறையும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரெகுலேட்டர் ரிட்டர்னை சர்ஜ் டேங்குக்குக் கொடுத்தால், இன்ஜின் எரிப்பதை மட்டும் லிஃப்ட் பம்ப் ஈடுகட்டினால் போதும். அதே ரிட்டர்னை மெயின் டேங்குக்கு விட்டால், மெயின் பம்ப் இழுக்கும் 400 லிட்டரையும் லிஃப்ட் பம்பே தந்தாக வேண்டும். அது முடியாது. ஐடிலிலேயே சர்ஜ் டேங்க் காலியாகும்.

சில்வியாவில் குழாய் வேலை எளிது. இன்ஜின் பக்கமிருந்து பின்னால் வரும் ரிட்டர்ன் குழாயைப் பின்பக்கத்தில் வெட்டி எஃப்எஸ்டியின் ரிட்டர்ன் போர்ட்டில் கொடுங்கள். எஃப்எஸ்டியின் ஓவர்ஃப்ளோவை மெயின் டேங்கின் பழைய ரிட்டர்ன் நிப்பிளில் சேருங்கள். ஓவர்ஃப்ளோ ஹோஸ் எங்கேயும் லிஃப்ட் ஹோஸைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. சிறிதானால் சர்ஜ் டேங்குக்குள் அழுத்தம் ஏறும், ரெகுலேட்டர் அதன் மேல்தான் வேலை செய்யும், ரெயில் பிரஷரும் சேர்ந்து ஏறும். ஐடிலில் பிரஷர் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாகக் காட்டினால் ரெகுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஹோஸைப் பாருங்கள்.

இதே டேங்கை சேணம் போன்ற இரட்டை அறை டேங்க் உள்ள காரில் பொருத்துபவர்கள் கவனிக்க: பல கார்களில் ரிட்டர்ன் ஓட்டம்தான் ஜெட் பம்பை இயக்கி மறு அறையின் பெட்ரோலை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. ரிட்டர்னைத் திருப்பிவிட்டால் மறு அறையில் பெட்ரோல் அப்படியே தங்கிவிடும். ஓவர்ஃப்ளோ அந்த ஜெட் வழியாகவே போக வேண்டும்.

எஃப்எஸ்டியின் போர்ட்கள் ஓ-ரிங் வைத்து அடைப்பவை. டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். துணுக்கு உதிர்ந்தால் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். பம்பிலிருந்து மூடிக்குப் போகும் உள் ஹோஸ் இன்னும் முக்கியம். பெட்ரோலில் மூழ்கியே கிடக்கும் இதற்கு ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் ஆகும். சாதாரண ஆர்9 ஹோஸின் வெளி ரப்பர் ஊறி, உப்பி, கிளாம்ப் ஓரத்தில் பிளக்கும். கசிவு டேங்குக்குள்ளேயே நடப்பதால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. அதிக பூஸ்டில் மட்டும் பிரஷர் விழும், பம்ப் போய்விட்டது என்று நினைத்துப் புது பம்ப் வாங்குவீர்கள்.

ஃபில்டரில் ஒரே விதி: பம்புக்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான். இழுக்கும் பக்கம் 10 மைக்ரானை மாட்டினால் பம்ப் கேவிடேட் ஆகி (உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி) ஊளையிடும், சீக்கிரம் சாகும்.

வயரிங்குக்கு பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி அருகிலேயே 30 ஆம்ப் ஃபியூஸ், தனி ரிலே. லிஃப்ட் பம்புக்கு வேறு ரிலே, வேறு ஃபியூஸ். இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையிலேயே மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மெயின் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு லிஃப்ட் பம்பை மட்டும் ஓட்டுங்கள். மெயின் டேங்கில் ஓவர்ஃப்ளோ கொட்டும் சத்தம் கேட்ட பிறகு மெயின் பம்புக்குக் கரண்ட் கொடுங்கள். காய்ந்து ஓடினால் புது பம்பே வீணாகும்.

பாஷ் 044 பம்ப் இரண்டை வெளியே மாட்டி, உள்ளூரில் வெல்டிங் செய்த டேங்கை வைப்பது மலிவு. ஆனால் டேங்குக்குக் கீழே பம்ப் இருக்க வேண்டும், இழுக்கும் ஹோஸ் குட்டையாகவும் தடிமனாகவும் வேண்டும், சத்தம் டிக்கி முழுக்கக் கேட்கும். சந்தையில் போலி 044-களும் நிறைய. உள்ளே பம்ப் வைத்த எஃப்எஸ்டியில் கசியக்கூடிய இணைப்புகள் குறைவு. பெட்ரோல் சுற்றியிருப்பதால் பம்ப் குளிர்ச்சியாகவும் சத்தமில்லாமலும் ஓடுகிறது. கூடுதல் விலைக்கு இதுவே போதுமான காரணம்.

குறை என்று சொன்னால், லிஃப்ட் பம்ப் நின்றுபோனதை இந்த டேங்க் காட்டிக்கொடுக்காது. உள்ளே இருக்கும் பெட்ரோல் தீரும்வரை கார் சுகமாக ஓடும், பிறகு முழு த்ராட்டிலில் திடீரென்று வறளும். ரெயிலில் பிரஷர் சென்சார் வைத்து, ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.5 பாருக்குக் கீழே போனால் இன்ஜினைக் கட் செய்யும்படி ஈசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) செட் செய்துவிடுங்கள். டேங்கை டிக்கியில் வைப்பதானால் பயணிகள் பகுதிக்கும் அதற்கும் நடுவே உலோகத் தடுப்பு கட்டாயம்.