கியூசூட்டா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸா?

10 மணி நேரத்துக்கு மேல போற ஃபிளைட்ல பிசினஸ் கிளாஸ்னா என் ஓட்டு கத்தார் ஏர்வேஸோட கியூசூட்ங்கிற சீட்டுக்குத்தான். 2017ல வந்தது, ஒவ்வொரு சீட்டுக்கும் இழுத்து மூடுற கதவு இருக்கு, நடுவுல ஜோடியா இருக்கிற சில சீட்டை சேர்த்து டபுள் பெட் ஆக்கிக்கலாம், நாலு பேரா போனா தடுப்பை நகர்த்திட்டு எதிரெதிரா உக்காந்து பேசிக்கிட்டே சாப்பிடலாம், குழந்தைங்களோட போறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதி!

சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட போயிங் 777-300ஈஆர் விமானத்துல பிசினஸ் கிளாஸ் சீட்டுக்கு கதவு கிடையாது. ஆனா சீட் அகலம் 28 இன்ச், கியூசூட் 21.5 தான், அதனால முழிச்சிருக்கிற நேரமெல்லாம் சோஃபால உக்காந்த மாதிரி சொகுசா இருக்கும். தூக்கம்னு வரும்போதுதான் சிக்கல், எந்திரிச்சு சீட்டோட முதுகை முன்னாடி மடக்கினாத்தான் பெட் ஆகும், காலையும் மூலையில இருக்கிற குழிக்குள்ள கோணலாத்தான் நீட்டணும், உயரமானவங்க யோசிச்சுக்கங்க.

சாப்பாட்டுக்கு சிங்கப்பூர்தான், அவங்களோட புக் த குக்ங்கிற சேவையில முன்கூட்டியே மெயின் டிஷ் சொல்லி வச்சிடலாம். கத்தார்ல நினைச்ச நேரத்துல கேட்டு சாப்பிடலாம், அதுவும் நல்லதுதான்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கத்தாரோட எல்லா விமானத்துலயும் கியூசூட் இல்ல, ஏர்பஸ் ஏ380ல கிடையாது, அதனால புக் பண்றதுக்கு முன்னாடி சீட் மேப் பாருங்க.