கோடியக்கரை: பூநாரைக்காகப் போகாதீர்கள்

நாகை மாவட்டத்துக் கோடியக்கரைக்குப் போய்விட்டு, 'பூநாரை (ஃபிளமிங்கோ) தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது' என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மைதான், பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். என்னைக் கேட்டால் கொசு உள்ளான் என்ற குட்டிக் கரைப்பறவையைப் பார்க்கப் போங்கள் என்பேன். எடை இருபத்தைந்து கிராம்தான். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்த வேதாரண்யம் சதுப்புக்கு வந்து, சேற்றில் நிற்காமல் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பவளக்காலி, நெடுங்கால் உள்ளான் போன்ற நீள்கால் பறவைகள், மேலே ஆளா என்ற கடற்பறவைகள். கண் அங்கேயே நின்றுவிடும்.

சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை என்பார்கள். அது பாதி விவரம்தான். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பூநாரைக்கு முழங்கால் ஆழம் ஒரு பொருட்டே இல்லை. கொசு உள்ளானுக்கோ விரற்கடை நீரும் ஈரச் சேறும்தான் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த கையோடு போனால் சதுப்பு கடல் போல விரிந்து கிடக்கும், சின்னப் பறவைகள் எங்கெங்கோ சிதறியிருக்கும். நீர் வற்றி ஓரத்துச் சேறு வெளியே வரும் நாட்களே எனக்குப் பிடித்தவை.

ஆழம் மட்டுமல்ல, உப்பும் கணக்கு. காவிரி டெல்டாவின் நல்ல தண்ணீர் வடிந்து கடல்நீரோடு கலக்கும் இடத்தில் புழு, பூச்சி, சிறுமீன் எல்லாம் பெருகும். உப்பளப் பாத்திகளில் உப்பு ஏற ஏற அவை செத்துப்போய், ஆர்ட்டீமியா என்ற பொடி இறால்தான் மிஞ்சும். அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டும் பூநாரைக்கு அது போதும், மற்ற பலவற்றுக்குப் போதாது. 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம் இது. ஆனாலும் நல்ல தண்ணீர் வந்துசேர்வது எல்லைக்கு வெளியே இருக்கும் வாய்க்கால்களைப் பொறுத்த விஷயம். இங்கே ஊடுருவிப் பரவும் சீமைக்கருவேலை வெட்டுவது கண்ணுக்குத் தெரியும் வேலை, அதுவும் தேவைதான். வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும், காயைத் தின்னும் விலங்குகள் சாணத்தோடு விதையையும் பரப்பிவிடும். ஆனால் என் ஓட்டு தண்ணீருக்குத்தான்.

ஒரு கடுப்பு. அன்று எங்களை அழைத்துப்போன வண்டிக்காரர், பூநாரை பறந்தால்தான் அழகு என்று ஹாரனை அழுத்தினார். இறக்கையின் சிவப்பும் கறுப்பும் விரிவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச்சில் நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் உள்ளான்களும் சேர்ந்து எழும்பி, மேய்ச்சலை விட்டு வட்டமடிக்கின்றன. வண்டி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளோடு போனால் வெளிமான் கூட்டம் ஏமாற்றாது. காட்டில் திரியும் குதிரைகளையும் பார்க்கலாம். 2018 கஜா புயல் முறித்துப் போட்ட காடு அது, ஆனாலும் நடக்க நன்றாக இருக்கிறது.

சதுப்பு, காட்டுக்கு மேற்கே விரிவதால் காலையில் போங்கள், வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். மாலையில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். பைனாகுலர் போதாது, யாரிடமாவது ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் கேட்டு வாங்கிப் போங்கள். ஐந்துக்கு நான்கு தருகிறேன், தண்ணீர் சரியாக நின்றால் ஐந்து.